பெகானியை அழைத்து வந்த கிளை

உள்ளறை மூலையில் சாத்தியிருந்த காய்ந்த கிளையில் ஓர் இலை துளிர்த்திருந்தது.

ஸ்வெலாகே இளக்காரமாகச் சிரித்தான். தடித்து, எண்ணெய் பூசினதுபோல் மினுங்கும் அந்த இலையை அவனுக்கா தெரியாது? டர்பன் நகரத்து ஓடைச்சரிவுகளில் அந்நியக் கொடிகளை வெட்டி ஒழிக்கும் ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி. கணுவெல்லாம் கிழங்கு காய்த்து உதிரும் அந்தக் கொடியின் பாரத்தில் முறிந்த மரம் விழுந்துதான் அவன் தம்பி பெகானி நசுங்கிச் செத்தான். "மேல பாரம் கிடக்குண்ணே, வேணாம்" என்றவனை, "பாவாடை கட்டிக்கடா" என்று மரத்தடிக்குத் தள்ளியவன் இவன்தான்.

அவர்கள் வழக்கப்படி, செத்த இடத்திலிருந்து ஆவியை ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவர இலந்தை முள்கிளைதான் வேண்டும். தேடச் சோம்பி, கைக்கெட்டியதை ஒடித்து வந்தான். அதில் அதே கொடியின் துண்டு ஒன்று சுற்றியிருந்தது.

"இது இலந்தையாங்க?" என்று மனைவி கெதிவே அன்றே கேட்டாள்.

"செத்தவன் இலை பாத்தா ஏறுவான்? குச்சி குச்சிதான்டி."

அன்று காய்ச்சலில் அதே அறையில் படுத்தவள் இன்னும் எழவில்லை.

இலையோடு கொடியை நறுக்கி எறிந்தான். வெட்டுவாயில் உடனே நீலக் களைக்கொல்லி மருந்து தடவாவிட்டால் ஒன்று இரண்டாக முளைக்கும். தினமும் ஆட்களைத் திட்டித் திட்டிச் செய்ய வைக்கிற வேலை. 'இந்தக் களைக்கு மருந்து ஒரு கேடா' என்று சோளக்களி தின்னப் போனான்.

பாதித் தட்டில் கரண்டு போனது. தகரக்கூரையில் மழை இரைய, அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், கிழங்கு தரையில் விழுவதுபோல், உள்ளறையிலிருந்து வந்தது. டொக். ஈரமண்ணும் அழுகிய தழையுமாக ஓடையின் வாடை கதவிடுக்கில் கசிந்தது.

போன் வெளிச்சத்தில் பார்த்தான். வெட்டின இடத்தில் இரண்டு கொடிகள். விரல் பருமன். சுவரேறவில்லை. தரையோடு ஊர்ந்து, கட்டில் காலைச் சுற்றி, போர்வைக்குள் போயிருந்தன.

"கெதிவே... எந்திரி. வெளிய வா."

"கத்தாதீங்க." அவள் கண் திறக்கவில்லை. "தம்பி இப்பத்தான் அசந்தாப்ல. உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாப்ல."

அவளருகே போர்வை ஓர் ஆள் நீளத்துக்கு மேடிட்டிருந்தது. மூச்சுவிட்டது.

டொக்.

போர்வை விளிம்பில் அவள் ஒரு கையைப் பிடித்திருந்தாள். ஐந்து விரலும் கிழங்கு. ஒன்று உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் இரண்டு முளைவிட்டன. அவனைப் பார்த்து நீண்டன.