யார் சுமப்பது

நிலவுக் குடியிருப்பில் கருத்தரித்த தம்பதிகள் எல்லாரும் போகிற அறைக்குத்தான் சுடர்க்கொடியும் பரிதியும் போனார்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட கருவை அங்கே மனைவியின் வயிற்றிலிருந்து கணவனின் வயிற்றுக்கு மாற்றிவிடலாம். ஆணின் அடிவயிற்றில் 'கருப்பேழை' என்ற மென்பையைப் பொருத்துவார்கள். மற்றதை மருந்து பார்த்துக்கொள்ளும். வேண்டாமென்றால் கலைத்துவிடவும் சட்டம் இடம் கொடுத்தது.

இது திட்டமிட்டு வந்த கரு அல்ல. பரிதியின் தோளில் பதித்த கருத்தடைச் சில்லு காலாவதியாகியிருந்தது. சுடர் நினைவூட்டும்போதெல்லாம் "நாளைக்குப் போறேன்" என்று தள்ளிப்போட்டான். இப்போது குழந்தை வேண்டும் என்கிறான். அவளோ தென்துருவப் பனிச்சுரங்கத்துக்குப் புறப்பட வேண்டிய பொறியாளர். பல வருடம் கேட்டு வாங்கிய பணி.

"உனக்கு வேணும்னா நீ சுமந்துக்க. நான் தடுக்கல," என்றாள்.

"இதுவரைக்கும் எந்த ஆம்பளையும் முன்வந்ததில்லையே, சுடர்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

பரிதி எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "ரொம்ப வலிக்குமா டாக்டர்?"

"பொம்பளைங்களுக்கு வலிக்கிற அளவுதான் சார்," என்றார் மருத்துவர்.

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கடைசியில் தலையாட்டினான். கரு இடம் மாறியது. சுடர் சுரங்கத்துக்குக் கிளம்பினாள்.

வாந்தி வந்தது. தூக்கம் போனது. பயத்தில் அவன் அடிக்கடி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதற்குள் குடியிருப்பே அவனைக் கொண்டாடத் தொடங்கியிருந்தது. கனமான வேலைகளிலிருந்து விலக்கினார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் ரசம் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: "இந்த நிலைமையில உங்கள விட்டுட்டுப் போக அவங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

நாளாக நாளாக அவனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஆட்சிக்குழு அவனைப் பாராட்டக் கூட்டிய கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"தப்பு என்னோடது. சில்லு மாத்தச் சொல்லி அவ எத்தனையோ தடவ சொன்னா. நான்தான் அலட்சியமா இருந்துட்டேன். குழந்த வேணும்னதும் நான்தான். அவளக் கொற சொல்லாதீங்க."

அரங்கத்தில் கைதட்டல் ஓயவே இல்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொண்டாட்டிய விட்டுக்கொடுக்காமப் பேசுறாரு பாருங்க. என்ன பெரிய மனசு."

பரிதி மறுபடி பேச வாயெடுத்தான். யாரோ அவனை மெல்லப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள்.

அந்த வாரமே புது விதி வந்தது: கருவுற்ற துணையைத் தனியே விட்டு யாரும் குடியிருப்பைத் தாண்டக் கூடாது, கருவுற்றவர் ஆணாக இருக்கும் பட்சத்தில். சுடர்க்கொடி பாதி வேலையில் திருப்பி அழைக்கப்பட்டாள்.

அவளுக்குப் பதிலாகச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவன் முகிலன். அவன் மனைவிக்கு அது ஏழாவது மாதம்.