ஏழு வெறும் கட்டங்கள்

"ஜிங்!"

மெல்லிய புல்லாங்குழலுக்கு நடுவே பித்தளைத் தட்டுகள் அலறின. இது மூன்றாவது தடவை!

சீட்ஸே மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார். "யுர்ரே, உனக்கு எண்ணத் தெரியுமா, தெரியாதா?"

"எண்ணித்தான் அடிச்சேன் மாஸ்டர்."

"உனக்கு எத்தனை விரல்டா?" என்றான் டிராம்போன் ஊதும் ரிங்கே. எல்லோரும் சிரித்தார்கள். யுர்ரேயின் காதுகள் சிவந்தன.

"இன்னொரு தடவை தப்பினா, நாளைக்குப் படகுப் போட்டியில நம்ம பேண்டுல வேற ஆள்தான் தட்டு அடிக்கணும். பத்து நிமிஷம் இடைவேளை!"

மாஸ்டரின் பழைய கையெழுத்துத் தாள்களைப் பார்த்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கணினியில் தட்டச்சு செய்தவள் நான்தான். எழுத்தும் எண்ணுமாக அடித்தால் போதும், அது அழகான இசைக்குறிப்பாகிவிடும். ஒரு வாத்தியம் எத்தனை கட்டம், அதாவது எத்தனை தாளச் சுற்று, வாசிக்காமல் சும்மா இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஓர் எண்.

யுர்ரே இடைவேளைக்குக் கொடுத்த வாஃபிள் பிஸ்கட்டைத் தொடவே இல்லை. விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். ஏழில் நிறுத்தினான்.

"ஏழா?" என்றேன்.

"உன் தாள்ல அப்படித்தானே இருக்கு, ஃபென்னா!"

மடிக்கணினியைத் திறந்தேன். இதுவரை தனித்தனியாகவே அச்சடித்திருந்த வாத்தியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன்.

எல்லா வரிகளும் கடைசிவரை போயின. யுர்ரேயின் தட்டு வரி மட்டும் ஒரு கட்டம் முன்பே முடிந்திருந்தது.

எட்டு என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஏழு என்று அடித்திருக்கிறேன்.

சத்தமில்லாமல் திருத்திப் புதுத் தாள் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால், யுர்ரேவுக்கு எண்ணத் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இடைவேளை முடிந்தது. எழுந்து நின்றேன்.

"மாஸ்டர்... யுர்ரே சரியாத்தான் எண்ணினான். நான்தான் தாள்ல தப்பா டைப் அடிச்சுட்டேன்."

மாஸ்டர் திரையைப் பார்த்தார். கையெழுத்துத் தாளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"அடடா! மன்னிச்சிடு, யுர்ரே."

"பரவாயில்ல மாஸ்டர்," என்றான் யுர்ரே. "ரிங்கே, உன் விரலைக் கொஞ்சம் ஃபென்னாவுக்குக் கடன் குடுடா!"

இந்தத் தடவை ரிங்கேயின் காதுகள் சிவந்தன.

யுர்ரே தன் தாளில் 7 என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு 8 என்று எழுதினான். மாஸ்டர் குச்சியைத் தூக்கினார். புல்லாங்குழல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆறு... ஏழு... நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். எட்டு...

"ஜிங்!"

எக்காளங்கள் எல்லாம் அதே நொடியில் முழங்கின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வெளியே சைக்கிளை எடுக்கும்போது யுர்ரே ஓடி வந்தான்.

"அடுத்த பாட்டுக்கு என்னையும் கூப்பிடு. நீ டைப் பண்ணு, நான் எண்ணுறேன்," என்று தன் வாஃபிளில் பாதியை நீட்டினான்.