மூலையில் நிற்கிற பயணி

மாடிப்படி ஏற முடியாத அப்பாவுக்காகத்தான் அந்தத் தரைத்தள வீட்டுக்கு நானும் அண்ணனும் குடிபோனோம். புதுப் பெயின்ட் வாசனை, பின்னறையை ஒட்டியே குளியலறை. அந்தப் பின்னறையை அப்பாவுக்கு ஒதுக்கினோம். அதன் மூலைச் சுவரில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்ப் பிசுக்குக் கறை இருந்தது. எத்தனை முறை பூசினாலும் மேலே வந்துவிடுகிறது என்று வீட்டுக்காரம்மா அலுத்துக்கொண்டார்.

"எங்கப்பா இந்த ரூம்லதான் இருந்தாரு. உங்கப்பா மாதிரி அவருக்கும் மறதி நோய்தான். ஆனா தங்கமான மனுஷன். ஒருநாள் கீழ விழுந்தாரு, அப்பக்கூட வாயத் திறக்கல. அதுக்கப்புறம் நடக்கறப்ப மட்டும் இந்தச் சுவத்தப் பிடிச்சுக்குவாரு. கடைசி வரைக்கும் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காம போயிட்டாரு."

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எங்கள் அப்பா அந்த ரகம் இல்லை.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். மறதி நோய் எங்கள் பெயர்களைக்கூட விட்டுவைக்கவில்லை; பஸ்ஸை மட்டும் விட்டுவைத்திருந்தது. யார் அறைக்குள் நுழைந்தாலும், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்பார். நாங்களும் சிரித்துக்கொண்டே தள்ளிப்போய் நிற்போம்.

புது வீட்டில் அந்தச் சிரிப்பு நின்றது. சாப்பாட்டைத் தட்டிவிட்டார். முகம் கழுவிவிடப் போன அண்ணனை ஓங்கி அறைந்தார். மத்தியானம் முழுக்க அந்த மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆளு டிக்கெட் வாங்கல" என்றார் ஒருநாள்.

"எந்த ஆளுப்பா?"

"அதோ நிக்கிறாரே. எங்க இறங்கணும்னு கேட்டா பேச்சே இல்ல. வலி தாங்கலயாம், பாவம்."

மூலையில் யாரும் இல்லை. ஜன்னல் வெயில் அறையெல்லாம் பரவிக் கிடந்தது, அங்கே மட்டும் எட்டவில்லை.

"இல்லாத ஆளெல்லாம் தெரிய ஆரம்பிச்சாச்சு" என்றான் அண்ணன். "டாக்டர்கிட்ட சொல்லித் தூக்க மருந்தக் கூட்டுவோம். அப்பவும் அடங்கலன்னா காப்பகத்துல விட்டுருவோம். இந்த வாரத்துக்கு மேல என்னால முடியாது, சொல்லிட்டேன்."

அவன் கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. அன்று மருந்தைக் கொஞ்சம் கூட்டித்தான் கொடுத்தோம். அப்பா அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். ஆனால் அந்தத் தூக்கத்திலும் அவர் புருவம் சுருங்கியே இருந்தது. இவரை இப்படியே கொண்டுபோய் எங்கோ ஒரு கட்டிலில் போட்டுவிட்டால், இந்தப் புருவத்தை அங்கே யார் பார்ப்பார்கள்?

மறுநாள் விழித்ததும், "வலிக்குதாப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

பதிலை விட்டுவிட்டு முகத்தைக் கவனித்தேன். குளிர்ந்த தண்ணீர் வாயில் பட்டதும் கண்ணை இறுக்கி மூடினார். எதையும் வலப்பக்கமே ஒதுக்கி மென்றார். இடது கன்னத்தின் பக்கம் துண்டு போனதும் அடிக்கக் கை ஓங்கினார்.

பிறகு அவர் வழிக்கே போனேன். "அந்த ஆளுக்கு எங்கப்பா வலிக்குதாம்?"

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல அப்பாவின் முகம் மலர்ந்தது. ஒரு கையைக் கன்னத்தில் வைத்தார். இன்னொரு கை இடுப்பில் இருந்தது. தோல்பை தொங்கிய இடம், பழைய பழக்கம் என்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. "இத வச்சுக்கிட்டு எப்படிம்மா இருந்தாரு? சொல்லவே இல்லயா?" என்றார் பல் டாக்டர். சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "எனக்கு" என்று சொல்லத்தான் மறந்துபோயிருந்தார்.

பல்லைப் பிடுங்கி, புண் ஆறியதும், அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். அண்ணன் அவருக்கு முகம் துடைத்துவிட்டு வெளியே போய் அழுதான். காப்பகப் பேச்சு அதோடு நின்றது. எனக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

அந்த மத்தியானம் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, விளையாட்டாகத்தான் கேட்டேன். "அந்த ஆளு இறங்கிட்டாராப்பா?"

மடியிலிருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, மெல்லுவதை நிறுத்தினார்.

"இல்ல."

"இன்னும் பல்லு வலிக்குதாமா?"

"பல்லு எனக்கு." ஒரு கையை எடுத்து இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டு, மறுபடி தட்டைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு இங்க."

மூலையைத் திரும்பிப் பார்த்தேன்.

சுவரில் அந்தக் கறை ஈரமாக மினுங்கியது, இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல.

சரக்.

ஒரு காலைத் தரையில் இழுக்கிற சத்தம்.

சரக்.

"உள்ள போங்க, உள்ள போங்க" என்று அப்பா கிசுகிசுத்தார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "அதோ, அந்தப் பொண்ணு பக்கத்துல இடம் இருக்கு, உக்காருங்க."

"அப்பா..."

"உன்கிட்ட சொன்னா நீ கேப்பன்னு சொல்றாரும்மா. வேற யாரும் கேக்கலயாம்."

வெகுநாள் பிரிக்காத போர்வையின் புழுங்கல் வாடை என் மேல் கவிந்தது. என் தோளில் ஒரு கை ஊன்றியது. உட்கார முடியாமல், பிடிமானம் தேடுகிற கை.

அப்பாவின் இரண்டு கைகளும் தட்டில்தான் இருந்தன.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், தானாகவே முந்திக்கொண்டது. "எங்க வலிக்குது?"

அந்தக் கை தோளிலிருந்து மெல்ல இறங்கி, என் இடது இடுப்பில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டியது.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டோம். அப்பா நன்றாக இருக்கிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார். எனக்குத்தான் அந்த இடத்தில் வலி நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லையாம். "எல்லாம் உன் மனசுதான். ஒரு மாத்திரை போட்டுட்டு நல்லாத் தூங்கு" என்கிறான் அண்ணன்.

புது வீட்டில் அப்பாவின் அறைக்குள் நான் தனியாகத்தான் நுழைகிறேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், எனக்குப் பின்னாலும் பார்க்கிறார்.

"ரெண்டு டிக்கெட்டா?"