குறைந்துபோன மூன்று மில்லிமீற்றர்

வியாழக்கிழமை காலை கொட்டாஞ்சேனை வீட்டு மணியை அழுத்திய ரூபிகா, கதவைத் திறந்த நோபேட்டைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "பிறிஜெற் அன்ரி நிக்கிறாவா?" என்று கேட்டாள். நோபேட்டுக்குச் சுருக்கென்றது. வருகிற எவரும் அவரைத் தேடி வருவதில்லை. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருபது வருடம் இருந்த மனைவி பிறிஜெற்றுக்குத்தான் சிக்கல்களை அவிழ்ப்பவள் என்ற பெயர்; கூடவே அலைந்து கேள்வி கேட்பவர் இவர். பொறாமை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். ஆனாலும் அது பொறாமைதான்.

ஒருகொடவத்தையில் மருந்து பொதியிடும் நிறுவனம் ஒன்றில் ரூபிகா தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பதவி கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பொதியிடும் அறைக்குள் தூசி புகாமலிருக்க, அங்கே காற்றின் அமுக்கம் வெளியே உள்ள நடைவழியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதைக் காட்ட நடைச் சுவரில் ஒரு மனோமீற்றர் உண்டு. லாடம்போல வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். ஒரு முனை அறையோடு இணைந்திருக்கும். மறுமுனை நடையில் திறந்திருக்கும். இரு பக்க மட்டங்களின் வித்தியாசம் பன்னிரண்டு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. புதிய காற்று வடிகட்டி போட்டதிலிருந்து பதின்மூன்று காட்டியது. இந்தத் திங்கள் முதல் பத்து.

அந்த வடிகட்டியைத் தெரிவு செய்ததற்காகவே ரூபிகாவுக்குப் பதவி கிடைத்தது. நாளை ஐந்து மணிக்குள் காரணம் காட்டாவிட்டால் அவள் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும்.

உள்ளேயிருந்து வந்து இதையெல்லாம் கேட்ட பிறிஜெற் எதுவும் கேட்குமுன் நோபேட் முந்திக்கொண்டார். "பதவி கிடைச்சதில ஆருக்கு ஆகக் கூடின சந்தோசம்?"

தாரிகாவுக்கு என்றாள் ரூபிகா. அதே நிறுவனத்து ஆய்வுகூடத்தில் வேலை, வெள்ளவத்தையில் இருவருக்கும் ஒரே அறை. செய்தி வந்த அன்றே சிவப்பு சர்பத் போத்தல் வாங்கி வந்து ஆளுக்கொரு கிளாஸ் கரைத்தாள். மிச்சத்தை எறும்பு மொய்க்கிறதென்று போன ஞாயிறுதான் எறிந்தாளாம். சந்தோசப்படாதவர் கஜேந்திரன். இயந்திரங்களுக்குப் பொறுப்பாளர், பன்னிரண்டு வருடம் அந்தப் பதவிக்குக் காத்திருந்தவர். நோபேட் மனதுக்குள் கஜேந்திரனுக்கு விலங்கு மாட்டிவிட்டார்.

மதியம் பிறிஜெற்றும் நோபேட்டும் ரூபிகாவும் அந்த நடையில் நின்றார்கள். விசிறி, கதவு, ரப்பர் குழாய் எல்லாம் பார்த்தாயிற்று, பழுதில்லை என்றார் கஜேந்திரன் கடுப்பாக. பிறிஜெற் விசிறியை நிறுத்தச் சொன்னாள். இரு பக்க மட்டமும் சமமாயின, ஆனால் மிக மெதுவாக. திறந்த முனைக்குக் கீழே சுவரில் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

பிறிஜெற் மனேஜரை அழைக்கச் சொன்னாள். தாரிகாவை ஆய்வுகூடத் தராசோடு வரச் சொன்னாள். குழாயிலிருந்து ஊசிக்குழலால் பத்து மில்லிலீற்றர் உறிஞ்சி நிறுத்தாள். தராசு பதின்மூன்று கிராம் காட்டியது.

"தண்ணியெண்டால் பத்துக் கிராம்தான் நிக்கும்," என்றாள். "இது சீனிப்பாகு. பாரம் கூடினதை அதே காற்று அவ்வளவுக்கு உயர்த்தாது. பாகில பத்து எண்டால் தண்ணியில பதின்மூண்டு. அறை முந்தி இருந்தமாதிரியே இருக்கு."

நோபேட் கஜேந்திரனைப் பார்த்தார். பிறிஜெற் இல்லையென்று தலையசைத்தாள். விசிறியும் குழாயும் அவர் கையில். ஒரு குழாயைத் தளர்த்தினாலே போதும். திரவத்தை மாற்ற மினக்கெட மாட்டார். இது பாரத்தின் கணக்குத் தெரிந்த, ஆனால் இயந்திரத்தைத் தொட முடியாத ஆள் செய்த வேலை. ஆய்வுகூடத்தில் தண்ணீரைவிடப் பாரமான கிளிசரின் இருக்கிறது, ஆனால் எடுக்கும் ஒவ்வொரு துளியையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சர்பத்துக்குப் பதிவு தேவையில்லை.

"ஞாயிற்றுக்கிழமை போத்தலை எங்க எறிஞ்சனீங்கள், தாரிகா?"

தாரிகா தராசைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். பிறகு ரூபிகாவைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த வடிகட்டியைத் தேடிப் பிடிச்சது நான். ஒரு மாசம் இருந்து கணக்குப் பாத்தனான். நீ என்ர தாளை எடுத்து உன்ர பேரில குடுத்தாய். உனக்குச் சர்பத் கரைச்சுத் தரேக்க எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது."

நோபேட்டுக்கு அந்த எரிச்சல் நன்றாகப் புரிந்தது. அதனாலேயே அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மனேஜர் ரூபிகாவிடம், இது உண்மையா என்று கேட்டார். தாரிகா எழுதிய மூலத் தாள்கள் இப்போது எவரிடமும் இல்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் பதவி அவளுடையது. இதில் பிறிஜெற்றாலும் உதவ முடியாது. அளந்து பார்க்கக்கூடிய விடயம் அது அல்ல.

"ஓம்," என்றாள் ரூபிகா. "தெரிஞ்செடுத்தது அவள்தான்."

மனேஜர் இருவரிடமும் விலகல் கடிதம் கேட்டார்.