தேக்குத் தரையில் விழுந்த குழிகள்

புதன்கிழமை காலை, பாண்டி பஜார் மாடியில் இருந்த தேவானையின் துப்பறியும் அலுவலகத்துக்குள் அன்வர் பாஷா மூச்சு வாங்க நுழைந்தார்.

“நான் வார்னிஷ்ல தண்ணி கலக்கலம்மா! முப்பது வருசமா பாலிஷ் வேலை. ஒரு சொட்டு கலந்திருந்தா என் கை வெளங்காம போவட்டும்!”

உதவியாளன் ஜவஹர் பென்சிலும் கையுமாக ஓடி வந்தான். கோழி காணாமல் போனாலும் அவனுக்கு அது கொலை வழக்குதான்.

“நிதானமா சொல்லுங்க பாய்” என்றாள் தேவானை.

மயிலாப்பூரில் மதுவந்தி என்பவர் நடத்தும் நாட்டியப் பள்ளியின் கூடத்துக்குப் பழைய தேக்குப் பலகைத் தரை. அவர் மகளுக்கு மூச்சிரைப்பு. பாலிஷ் வாடையே ஆகாது. அதனால் அன்வர் பாஷா சிந்தாதிரிப்பேட்டைக் கடையில் சொல்லிவைத்து, வாடையே அடிக்காத, தண்ணீரில் கரையும் புதுவகை வார்னிஷை வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை உப்புத்தாளால் தரையைத் தேய்த்து முடித்தார். சனிக்கிழமை மதியம் பூசினார். சற்று நேரத்தில், முக்கியமாக ஜன்னலோரம், அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகிவிட்டது.

“டப்பாவைத் தொறந்தா பால் மாதிரி கீது. பிரஷ்ஷைக் கொழாயில கழுவறேன். அத்தப் பாத்துட்டு அந்தம்மா வூட்டுக்காரரு, பரத்வாஜ் சார், பச்சத் தண்ணிய ஊத்தி ஏமாத்திட்டான்றாரு. அடையார்ல ஒரு ஸ்கூல்ல எனக்கு வேலை பேசி வெச்சதே அவருதான். இப்ப போன் போட்டு, அவன் திருடன், வேணாம்னுட்டாரு. இனிமே யாரும்மா என்னை வூட்டுக்குள்ள வுடுவாங்க?”

மூவரும் ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போனார்கள். கூடத்தில் மதுவந்தியோடு மிருதங்கக்காரர் குருபிரசாத்தும் இருந்தார். சற்றுப் பொறுத்து, தலையில் ஈரத் துண்டும் காதோரம் ஒட்டிய சீயக்காய்ப் பொடியுமாக பரத்வாஜ் வந்தார்.

“ஆபீசுக்கு நேரமாறது. சீக்கிரம் கேளுங்கோ. நான் இந்தக் கூடத்துல காலே வைக்கலை.”

“நான் வெச்சேன்” என்றார் குருபிரசாத். “வெள்ளிக்கிழமை ராத்திரி மிருதங்கத்தை எடுத்துண்டு, நேரா திருச்சி ரயில் ஏறினேன். சனிக்கிழமை அங்கே கச்சேரி. மிருதங்கத்தோட இடது பக்கம், தொப்பியில, நாதத்துக்காக ஒட்டின ஈர ரவை கொஞ்சம் உதிர்ந்திருக்கலாம்.”

“ஈர ரவை!” ஜவஹர் துள்ளினான்.

தேவானை மண்டியிட்டுப் பார்த்தாள். கொல்லைப்பக்கக் கதவிலிருந்து ஜன்னல்வரை காலடி தூரத்துக்கு ஒன்றாகக் குழிகள். ஜன்னலடியில் அவை நெருக்கமாக இருந்தன. ஆனால் அவற்றின் நடுவே, மடித்த செய்தித்தாள் அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் வழவழவென்று இருந்தது.

ஒரு துண்டுப் பலகை வாங்கி, ஒரு முனையில் ஈர ரவையையும் மறுமுனையில் நல்லெண்ணெயையும் தடவி, துணியால் துடைத்தாள். “பாய், பூசுங்க.”

ரவை பட்ட இடத்தில் வார்னிஷ் சீராகப் படிந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் விலகி விலகிக் குழியானது.

“தண்ணி கலந்திருந்தா தரை முழுக்கத்தான் கெட்டிருக்கும்” என்றாள் தேவானை. “இது எண்ணெய் வேலை. உடம்பு பூரா எண்ணெயோட ஒருத்தர் கொல்லைப்பக்கமா வந்து, பேப்பர் விரிச்சு உக்காந்திருக்கார்.”

“வெள்ளிக்கிழமை பொம்பளைங்க எண்ணெய் தேய்க்கிற நாளாச்சே!” ஜவஹர் மதுவந்தியைப் பார்த்தான்.

“அவசரக் குடுக்கை! அது காலையிலேயே முடிஞ்சிருக்கும். சாயங்காலம் பாய் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதுல தரையில பட்ட எண்ணெயெல்லாம் போயிருக்கும். தேய்ச்சதுக்கும் பூசினதுக்கும் நடுவுல இருந்தது ஒரே காலை, சனிக்கிழமை. ஆம்பளைங்க எண்ணெய் தேய்க்கிற நாள். புதனும் அப்படித்தான். இன்னைக்குப் புதன்.”

எல்லார் கண்களும் பரத்வாஜின் காதோரம் போயின. அவர் சீயக்காயைத் தட்டிவிட்டார். முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைப்பது?

“எண்ணெய் ஊற அரை மணி உக்காரணும். கூடத்துச் சாமானையெல்லாம் மத்த ரூம்ல அடைச்சு வெச்சிருந்தா. இங்கேதான் இடம் இருந்தது. துண்டால துடைச்சேன், போயிடுத்துன்னு நினைச்சேன்.”

“அவர் தண்ணி கலந்தார்னு நிஜமாவே நம்பினேளா?” என்றாள் மதுவந்தி.

“முதல்ல நம்பினேன். மறுநாள் அந்தச் சதுரத்தைப் பாத்ததும் புரிஞ்சுடுத்து. சொல்ல வெக்கமா இருந்தது.”

“ஒரு மனுஷன் பொழைப்பு போறது. உங்களுக்கு வெக்கமா?”

பரத்வாஜ் போனை எடுத்து அடையார் பள்ளியின் எண்ணைச் சுழற்றினார்.

“சார், மயிலாப்பூர் பரத்வாஜ் பேசறேன். அன்வர் பாஷாவைப் பத்தி நான் சொன்னது பொய். தரையைக் கெடுத்தது நான்தான். அவரையே கூப்பிடுங்கோ. இதோ, பேசறார்.”

அன்வர் பாஷா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினார். “வணக்கம் சார்... ஆமா சார்... இங்க மறுபடி தேச்சுப் பூசிட்டு, திங்கக்கெழம வந்துர்றேன் சார்.”

போனை வைத்தார். இத்தனை பேர் எதிரில் அழுகிறோமே என்று கொஞ்சமும் வெட்கப்படாமல் அழுதார்.