பாதி சப்பாத்திப் படம்

எங்கள் வகுப்பில் தினமும் மத்தியானம் படம் ஓடும். திரை கிடையாது, டிக்கெட் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் வேப்பமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்வார்கள். நடுவில் நின்று நான் கதை சொல்வேன். சண்டை வந்தால் சண்டை போடுவேன், பாட்டு வந்தால் ஆடுவேன்.

எனக்கு எல்லாப் படமும் பிடிக்கும். பேய்ப் படம் பிடிக்கும். நாய் வருகிற படம் ரொம்பப் பிடிக்கும். கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிற படம் என்றால் எனக்கு உயிர். "பிரின்சி சொன்னா படத்தையே பாத்த மாதிரி இருக்கும்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் நான் சொல்லப்போவது எல்லாமே நான் வெட்கப்படுகிற விஷயம்தான்.

டிசம்பர் பிறந்தபோது என்னிடம் இருந்த கதைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

அந்த வாரம் பக்கத்து வீட்டு ஹெலன் அத்தை கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். நான் பரண்மேல் ஏறிச் சாமான்களை எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது.

"அந்த டப்பாவ மட்டும் தொறக்காத கண்ணு. கார்கில் சண்டை அப்போ உங்க மாமா எனக்கு எழுதுன கடுதாசிங்க அது" என்றார் அத்தை.

எபினேசர் மாமா முன்பு ராணுவத்தில் இருந்தவர். இப்போது எங்கள் பள்ளிக்கு எதிரில் இருக்கும் கம்பெனியில் செக்யூரிட்டி. அதிகம் பேசமாட்டார். சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் சாயங்காலம் பள்ளி விட்டதும் விசிலோடு ரோட்டுக்கு வந்துவிடுவார். பெரிய பெரிய கண்டெய்னர் லாரியையெல்லாம் கை காட்டி நிறுத்தி, நாங்கள் கடந்து போகும்வரை நிற்பார். அது அவருடைய வேலையே இல்லை.

அத்தை தண்ணீர் குடிக்க உள்ளே போனார். நான் டப்பாவைத் திறந்தேன். மேலே இருந்த நீலக் கடிதத்தில் 'சினிமா' என்ற வார்த்தை தெரிந்தது. அவ்வளவுதான், கடிதம் என் பாவாடைப் பைக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து படித்தேன்.

"அன்புள்ள ஹெலனுக்கு, நான் நலம். நேற்று இங்கே ஒரு சினிமா பார்த்தேன். அதில் ஒரு சிப்பாய் பனிமலையில் இருக்கிறான். சாப்பிடும்போது பாதி சப்பாத்தியைத் தனியாக எடுத்து வைக்கிறான். அது யாருக்கு என்று கூட்டாளிகள் கேட்கிறார்கள். 'வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். எட்டு மணிக்குத்தான் அவள் வேலை முடிந்து வந்து சாப்பிடுவாள். அப்போது நானும் இதைச் சாப்பிடுவேன். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டது போல இருக்கும்' என்கிறான். நல்ல படம். நம் ஊருக்கு வந்தால் நீயும் பார்."

மறுநாள் அதைச் சொன்னேன். பனிக்காற்றுக்கு வாயாலேயே சத்தம் கொடுத்தேன். இரண்டு பேர் அழுதே விட்டார்கள்.

"இன்னா படம் இது?" என்று ஃபயாஸ் கேட்டான்.

"பழைய படம். பேரு மறந்துட்டேன்."

ஃபயாஸ் எதையும் சும்மா விடுகிறவன் இல்லை. அடுத்த நாள் வந்து எல்லோர் முன்னாலும் சொன்னான்: "எங்க அண்ணன் போன்ல ராத்திரி பூரா தேடினேன். அப்படி ஒரு படமே கெடையாது. பீலா வுடாத பிரின்சி!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

"பாத்துக்கோ! எங்க பக்கத்து ஊட்டு எபினேசர் மாமா படம் பாத்துட்டு எழுதினது!"

ஃபயாஸ் அதைச் சத்தமாகப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான். "அய்ய, இது படமே இல்ல! அந்தச் சிப்பாயே அவருதான்! கம்பெனி கேட்டுல மொறச்சிக்கினு நிப்பாரே, அவருதான் பாதி சப்பாத்தி!"

வேப்பமரமே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சாயங்காலம் நாங்கள் ரோட்டைக் கடந்தபோது பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "பாதி சப்பாத்தி!" உடனே பத்துப் பேர் கத்தினார்கள். "பாதி சப்பாத்தி! பாதி சப்பாத்தி!"

மாமாவின் கையிலிருந்த விசில் நழுவியது. அவர் முகம் சிவந்து போனது. ஆனாலும் லாரியை நிறுத்திய கையை அவர் இறக்கவில்லை. கடைசிப் பிள்ளை கடக்கும்வரை தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் வீடு திரும்பியதும் பேச்சு எனக்குக் கேட்டது.

"அது உனக்கு மட்டும் எழுதினது ஹெலன். யார்கிட்ட சொன்ன?"

"நான் யார்கிட்டயும் சொல்லலீங்க. அப்டியே சொன்னாத்தான் இன்னா? சினிமாக் கதைதானே? அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்?"

மறுநாள் காலையில் மாமா சாப்பாட்டு டப்பாவை எடுக்காமலே சைக்கிளில் போய்விட்டார். அத்தை டப்பாவைப் பிடித்தபடி வாசலில் நின்றார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான் நடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தடிக்கும் நான் போகவில்லை.

கடிதத்தை ரகசியமாக டப்பாவில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் போனேன். அத்தை டப்பாவை என் கையிலேயே கொடுத்தார்.

"இத்தப் பரண்ல வெச்சிடு கண்ணு. உன்னாண்ட குடுத்தா எனக்குக் கவலையில்ல. நல்ல புள்ள நீ."

என் காது இரண்டும் சுட்டன. கடிதத்தை உள்ளே தள்ள இரண்டு நொடி போதும். ஆனால் அப்படிச் செய்தால் வெளியே சொன்னது அத்தைதான் என்றே மாமா கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து சனிக்கிழமை அரைநாள் ஷிஃப்ட் முடிந்து மாமாவும் உள்ளே வந்தார்.

"மாமா" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அத்தை யார்கிட்டயும் சொல்லல. நான்தான் இத்தத் திருடிக்கினு போய் ஸ்கூல்ல காட்டிட்டேன்."

கடிதத்தை நீட்டினேன். இரண்டு பேரும் வாங்கவில்லை.

"நெஜமாவே சினிமான்னுதான் மாமா நான் நெனச்சேன். ஃபயாஸ் போன்ல தேடிப் பாத்துட்டு, அப்படி ஒரு படமே இல்லன்னு சொன்னான்."

அத்தை சட்டென்று நிமிர்ந்தார். "படமே இல்லியா?"

மாமா சுவரைப் பார்த்தார்.

"இன்னாங்க இது? நான் கும்மிடிப்பூண்டி கொட்டாயில போயி, இந்தப் படம் எப்போ வரும்னு கேட்டேனே! டிவியிலயாவது போடுவான்னு இத்தினி வருசமா பாத்துக்கினு இருக்கேனே!"

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். "பனிமல மேல எவன் சினிமா காட்டுவான் ஹெலன்? குண்டு வுழுந்துக்கினு இருந்திச்சி. எழுதற கடுதாசிய ஆபீசர் பிரிச்சிப் படிச்சிட்டுதான் அனுப்புவாரு. உன்ன நெனச்சிக்கினு பாதி சப்பாத்தி வெக்கிறேன்னு அவர் படிக்கிற மாதிரி எப்டி எழுதறது? அதான் சினிமான்னு எழுதிட்டேன்."

"திரும்பி வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமா இருந்திச்சி."

அத்தை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "மொத்தம் பதினோரு கடுதாசி. பதினோரு படம்."

"பதினொண்ணும் நான்தான்" என்றார் மாமா, சின்னப் பையன் மாதிரி.

அத்தை அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். டப்பாவையும் கடிதத்தையும் என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்து, எல்லாக் கடிதங்களையும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

நான் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தேன். மாமா கூப்பிட்டார்.

"பிரின்சி. வந்து சொன்ன, அது சரி. ஆனா எனக்கு இன்னும் கோவம் போவல."

"தெரியும் மாமா" என்றேன்.

திங்கட்கிழமை மரத்தடியில் எழுந்து நின்றேன். "அடுத்தவங்க கடுதாசிய நான் திருடினேன். அவரக் கிண்டல் பண்ணாதீங்க. பண்ணணும்னா என்னப் பண்ணுங்க" என்றேன்.

பண்ணினார்கள். ஒரு வாரம் முழுக்க எனக்குக் 'கடுதாசித் திருடி' என்றுதான் பெயர். ஃபயாஸ் மட்டும் கூப்பிடவில்லை. அவன் மாமாவிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அரைப் பரீட்சையின் கடைசி நாள். ரோட்டைக் கடக்கும்போது மாமா கை தட்டிக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். அது ஒட்டப்படவில்லை. உறைகூட இல்லை.

"உங்க அத்தை புதுசா ஒரு படம் கேக்கறா. நேர்ல சொல்ல வாய் வரல. இத்தக் கொண்டுபோய்க் குடு."

"நானா மாமா?"

"நீதான்."

வீடு போய்ச் சேர இரண்டு தெரு தாண்ட வேண்டும். காற்றில் காகிதத்தின் ஓரம் படபடவென்று விரிந்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நடந்தேன். வழியில் பள்ளிப் பிள்ளைகள் "இன்னாது அது?" என்று கேட்டார்கள். நான் நிற்கவே இல்லை.

அத்தை வாங்கிப் பிரித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுல இன்னா கதைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது அத்தை" என்றேன், தலையை நிமிர்த்தி.