ஆறாவது குழாய்

தலையிடிக்கு ஐஸ் வைக்கலாம் என்றுதான் ரூபிகா காலையில் பிரிட்ஜின் மேல்பெட்டியைத் திறந்தாள். ஐந்து நாளாக வெறும் தண்ணீர் விரதம்; தலை இடிக்காமல் என்ன செய்யும்? ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், அவள் வைத்தபடியே ஆறு பிளாஸ்டிக் குழாய்கள் நின்றன. ஆறிலும் பஞ்சு உலர்ந்திருக்க வேண்டும். ஐந்தில் அது நனைந்து, சப்பி நசுங்கி, உறைந்து கிடந்தது. கடைசிக் குழாயில் மட்டும் பஞ்சு வெள்ளையாகப் பொசுபொசுவென்று இருந்தது.

திரும்பிக் கதவைப் பார்த்தாள். சங்கிலி உள்ளே போட்டபடியே இருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி வீடு. கணவன் சயந்தன் வேலையாக யாழ்ப்பாணம் போய் ஒரு கிழமை ஆகிறது. வேறு யாருமில்லை.

ரூபிகா ஹோர்மோன் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். பெண்களின் எச்சிலில் புரொஜெஸ்டரோன் நாளுக்கு நாள் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. கருப்பைக்குள் பிள்ளைக்குப் பாய் விரித்து வைக்கிற ஹோர்மோன் அது. எழும்பியவுடன் பஞ்சைச் சற்று நேரம் சப்பி, குழாயில் போட்டு, ஐஸில் வைக்க வேண்டும். ஆட்கள் போதாமல் தன்னையும் சேர்த்துக்கொண்டு, அந்த மாதத்துக்கான குழாய்களில் தன் இலக்கத்தை முன்கூட்டியே ஒட்டி வைத்திருந்தாள். இடையில் கந்தசஷ்டி வந்தது. தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்காமல் விரதம் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள், பஞ்சைச் சப்புவாளா? அந்த ஆறு நாளுக்குரிய குழாய்களைத் தொடாமல் ஐஸ் பெட்டியிலேயே விட்டுவிட்டாள். எடுத்து வீசியிருக்கலாம். தன் பெயருக்கு உரியதைக் காலியாக வைத்துக் காத்திருக்க விட்டதுதான் பிழை.

சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று மாமியார் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்காத வைத்தியம் இல்லை. ஒன்றும் பலிக்காமல்தான் இந்த வருடம் முருகனின் காலைப் பிடித்தாள். பிள்ளை கிடைக்குமென்றால் யார் காலையும் பிடிப்பாள்.

சயந்தனுக்குப் போன் எடுத்தபோது அவன் சிரித்தான். நித்திரையில் பழக்கத்துக்குச் சப்பியிருப்பாள் என்றான். நம்பத்தான் விரும்பினாள். ஆனால் போன வருடம் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியதிலிருந்து அவள் ஒரு பக்கத்தால்தான் எதையும் மெல்லுவாள். இந்தப் பஞ்சுகளில் இடக் கடைவாய், வலக் கடைவாய் இரண்டின் பற்களும் பதிந்திருந்தன. நெருக்கமாக, ஆழமாக.

ஐந்து குழாய்களையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாள். கூட வேலை செய்யும் நிம்றா பரிசோதித்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"மொதல் குழாய்ல கொஞ்சந்தான். அடுத்தடுத்ததுல ஏறி ஏறிப் போகுது. அஞ்சாவதுல மாசம் நெறஞ்ச புள்ளத்தாச்சிட அளவு இரிக்கி, ரூபிகா."

ரூபிகா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. எவ்வளவு காலமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஐந்து நாளில் மாதம் நிறையுமா என்று படித்த மூளை கேட்டது. மனம் அதைக் கேட்க விடவில்லை. நிம்றாதான் எதற்கும் பார்ப்போம் என்று அவள் கையில் இரத்தம் எடுத்தாள். முடிவு வந்ததும் நிம்றா இலக்கத்தைத் திரும்பவும் சரிபார்த்தாள்.

"ஒங்கட ரத்தத்துல ஒண்டுமே இல்ல," என்றாள். பிறகு, மெதுவாக, "அப்ப இது யார்ட எச்சில்?"

அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகவேண்டாம், கொட்டாஞ்சேனையில் தங்கள் வீட்டுக்கு வரும்படி நிம்றா கெஞ்சினாள். விளக்கேற்ற வேண்டும், நாளைக் காலையில்தான் விரதம் முடிக்கிற பாறணை என்று ரூபிகா சாட்டுச் சொன்னாள். உண்மை அதுவல்ல. பயத்துக்கு அடியில் ஓர் ஆசை கிடந்தது. நிறைமாதம் என்றால், ஆறாம் நாளான இன்றைக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோயிலில் சூரன்போர் மேளம் உச்சத்தில் கேட்டது. ஒழுங்கைக்குள் திரும்பியதும் கரண்ட் போனது. கைபேசி வெளிச்சத்தில், ஈரச் சேலை காலில் சுற்ற, பிடிச்சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினாள். அவள் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

கதவைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. பால், இரத்தம், ஈரத் துணி. பிள்ளை பெற்ற வீட்டு வாசம்.

பிரிட்ஜின் மேல்பெட்டி திறந்து கிடந்தது. ஐஸ் உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது குழாயைக் காணவில்லை.

கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று வீட்டின் கண்ணாடிகளை அதிர வைத்துக்கொண்டு போனது. அது போன பிறகுதான், அதன் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் கேட்டது. படுக்கையறையிலிருந்து.

ஈரப் பஞ்சைச் சப்புகிற சத்தம்.

மெதுவாக. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி.

"யாரது?" என்றாள். சத்தம் நின்றது.

இருட்டுக்குள்ளிருந்து ஏதோ தரையில் உருண்டு வந்து அவளுடைய பெருவிரலில் முட்டியது. குழாய். குனிந்து எடுத்தாள். அவளுடைய இலக்கம். உள்ளே பஞ்சு இல்லை. பிளாஸ்டிக் சூடாக இருந்தது.

மறுபடியும் அந்தச் சத்தம். இப்போது சிறியது. அவசரமானது. பசித்த சத்தம்.

வெளிச்சத்தைத் தூக்கினாள்.

கதவு நிலைக்குள்ளிருந்து இரண்டு கைகள் நீண்டன. கைகள் மட்டும்தான் தெரிந்தன. அவளுடைய பழைய நூல் சேலையில் சுற்றிய ஒன்றை, பெற்றவள் உறவுக்காரியிடம் கொடுப்பது போல, பக்குவமாக நீட்டின. சேலைக்குள் சின்ன முகம். வாயில் பஞ்சு.

முகம் அவள் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. பஞ்சு கீழே விழுந்தது.

வாய் நிறையப் பற்கள்.

ரூபிகாவின் நெஞ்சு விண்ணென்று கடுத்தது. ரவிக்கையின் முன்பக்கம் சூடாக நனைந்தது. மழை நீர் அல்ல. அவள் பின்னால் நகரத்தான் நினைத்தாள். அவளுடைய கைகள் இரண்டும் முன்னால் நீண்டன.